முறை சொல்லும் யந்திரம்

கலியாண வீட்டில், தாத்தாவின் தம்பிக்குச் சம்பந்தி, அந்தச் சம்பந்திக்கு மைத்துனன் என்று நூல் பிடித்துக்கொண்டே போய், முன்பின் அறியாத ஒருவரை நமக்கு மாமன் முறை என்று நிலைநாட்டிவிடும் பாட்டி ஒருத்தி இருப்பாள். புரதங்களுக்குள் அவளுடைய வேலையைச் செய்யும் மென்பொருள் ஒன்றைப் பெங்களூர் விஞ்ஞானிகள் 2006-ல் பொது உபயோகத்துக்கு அளித்தார்கள்.

புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்களால் கோத்த மாலை. அந்த வரிசைகளை எழுத்துக்களாக்கிச் சேமித்திருக்கும் தரவுத்தளங்கள் என்னும் பெட்டகங்களில், கையிலுள்ள வரிசைக்கு ஒப்பானது உண்டா என்று விரைவாகத் துருவிப் பார்க்க 1990-ல் 'பிளாஸ்ட்' வந்தது. 1997-ல் வந்த 'சை-பிளாஸ்ட்', முதற்சுற்றில் கிடைத்த உறவினரின் பொதுச் சாயலைத் திரட்டி, அச்சாயலைக் கொண்டே மறுசுற்றுத் தேடி, அதில் புதிதாக அகப்பட்டவற்றுக்குத் தனி அடையாளமும் இட்டுக் காட்டிற்று. தேசிய உயிரியல் விஞ்ஞான மையத்தில் ஆர். சௌதாமினியும், சென்னையிலிருந்து சென்ற ஜி. என். ராமச்சந்திரன் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் தோற்றுவித்த மூலக்கூறு உயிர்ப்பௌதிகப் பிரிவில் என். சீனிவாசனும், தத்தம் குழுவினரோடு சேர்ந்து அதன்மேல் இன்னொரு படி கட்டினார்கள். அவர்களுடைய 'காஸ்கேட் சை-பிளாஸ்ட்' அகப்பட்ட ஒவ்வொரு புரதத்தையும் தனித்தனி வினாவாக்கி மீண்டும் தேடுவதால், நேரே பார்த்தால் முகஜாடை சிறிதும் தெரியாத தூரத்துப் பந்துக்களும் இடையில் நிற்பவரின் சாட்சியத்தால் புலப்படுவார்கள். பாட்டியைப் போலவே இதுவும் சில சமயம் அந்நியனை மாமனாக்கிவிடும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆயினும், என் அபிப்பிராயத்தில், உண்மையான சங்கடம் வேறு. 1982 டிசம்பரில் 606 மரபணு வரிசைகளே வைத்திருந்த அமெரிக்காவின் ஜென்பாங்கில் இன்று இருப்பவை கோடிக்கணக்கானவை. ஆகையால் 'உறவு இல்லை' என்ற விடை கேட்ட நாளுக்கு மாத்திரமே செல்லும். சென்ற மாதப் பட்டியலோடு இந்த மாதத்ததை ஒத்துப் பார்த்துப் புதுவரவைச் சொல்லும் மென்பொருள் இதனால்தான் வேண்டியதாகிறது. அதை வெறும் கணக்குப்பிள்ளை வேலை என்று எண்ணிவிட வேண்டாம். இத்தகைய ஒப்புமை தற்செயலாக எத்தனை கிடைக்கக்கூடும் என்று மதிப்பிடும் 'ஈ மதிப்பு' பெட்டகத்தின் அளவோடு சேர்ந்து வளர்வது, ஆகவே 0.001 என்ற வரம்புக்குள் 0.0008 என்று நேற்று நின்ற புரதம், பெட்டகம் இரட்டித்ததும், தன்னில் ஓர் எழுத்தும் மாறாமலே 0.0016 ஆகி வெளியே தள்ளப்படும். பழைய வரிசையே திருத்தம் பெற்று, வேறு பதிப்பு எண்ணோடு, புதுவிருந்தாளி போல் பந்தியில் வந்து உட்கார்ந்துவிடுவதும் உண்டு.

ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: நோட்டுப்புத்தகத்தில் தேடிய தேதியோடு, அன்று பெட்டகம் இருந்த அளவையும் எழுதிவையுங்கள்.