மடித்து வைத்தலும் கழித்து விடுதலும்: கிட் களஞ்சியத்தின் சேமிப்பு முறை

கலைச்சொற்பட்டியலையோ பாடநூலையோ பலர் கூடித் தொகுக்கும் பணி இன்று பெரும்பாலும் கணினியிலேயே நடைபெறுகிறது. யார், எப்போது, எந்தச் சொல்லை மாற்றினார் என்பதைத் தவறாமல் குறித்துவைக்கும் மென்பொருளைப் பதிப்பு மேலாண்மைக் கருவி என்கிறோம். அத்தகைய கருவிகளுள் இன்று மிகப் பரவலாக வழங்குவது கிட். லினக்ஸ் கருநிரலை உருவாக்குவோர் அதுவரை பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்னும் கருவியை இலவசமாகப் பெறும் வாய்ப்பு நீங்கியபோது, 2005ஆம் ஆண்டு ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட் மென்பொருளை எழுதத் தொடங்கினார். கோப்புகளும் அவற்றின் முழு வரலாறும் சேர்ந்த தொகுப்பையே களஞ்சியம் என்று வழங்குகிறோம்.

களஞ்சியம் நாளடைவில் பெருகும். பெருகியபின், 'துப்புரவு செய்துவிடலாமே' என்னும் எண்ணம் எழும். அவ்வெண்ணத்தில் இருவேறு செயல்கள் கலந்துள்ளன. ஒன்று, உள்ளதை இழக்காமல் மடித்து வைத்தல். மற்றொன்று, வேண்டாதது எனக் கருதுவதைக் கழித்து விடுதல். முன்னதால் இழப்பேதும் இல்லை. பின்னதைச் செய்தபின் மீட்க வழியில்லை. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாதபோது, உடன் பணியாற்றும் ஒருவர் பல வாரம் உழைத்துச் செய்த வரைவு ஒரே கட்டளையில் அழிந்துபோகலாம். ஆகவே, கிட் தன் சேமிப்பைச் சுருக்கும் முறையை நாம் ஓரளவேனும் அறிந்திருத்தல் நன்று.

முதற்கண், கிட் எவ்வாறு சேமிக்கிறது என்பதைக் காண்போம். கமிட் எனப்படும் ஒவ்வொரு பதிவும், அந்நேரத்தில் எல்லாக் கோப்புகளும் இருந்த நிலையை முழுமையாகக் காட்டுவது. ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கமும் ஒரு தனிப்பொருளாகச் சுருக்கி வைக்கப்படுகிறது. அப்பொருளின் பெயர் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணிக்கப்படுவது. வழக்கமாக எஸ்எச்ஏ-1 என்னும் முறையில் அமையும் 40 இலக்கப் பதினறும எண் அது. ஒரே உள்ளடக்கம் பத்துக் கோப்புறைகளில் இருந்தாலும் பெயர் ஒன்றே. ஆகவே சேமிப்பும் ஒன்றே.

ஆயின், ஓர் எழுத்து மாறினாலும் பெயர் மாறிவிடும். முழுக் கோப்பும் புதுப்பொருளாக மீண்டும் எழுதப்படும். 2 மெகாபைட் அளவுள்ள ஒரு கலைச்சொற்பட்டியலை 300 முறை திருத்தியதாகக் கொள்வோம். ஒவ்வொரு வடிவும் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கினாலும், மொத்தம் 150 மெகாபைட் ஆகிவிடும். மாறியவையோ சில நூறு சொற்களே. இவ்வாறு தனித்தனியே கிடப்பவற்றை உதிரிப்பொருள்கள் எனலாம்.

இவ்வுதிரிகளைத் திரட்டிப் பொதியாகக் கட்டுவதே மடித்து வைத்தல். பழைய நூல்களைப் பதிப்பிப்போர் பல ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கும்போது, ஒவ்வொரு பிரதியையும் முழுமையாக அச்சிடுவதில்லை. ஒன்றை மூலமாகக் கொண்டு, பிறவற்றின் பாடபேதங்களை மட்டும் அடிக்குறிப்பில் தருவர். அவ்வடிக்குறிப்பைக் கொண்டு எந்தப் பிரதியையும் மீளமைக்கலாம். கிட் செய்வதும் இதுவே. பொருள்களை வகை, கோப்புப்பெயர், அளவு ஆகியவற்றால் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் வரிசையில் அதன் அருகிலுள்ள 10 பொருள்களோடு ஒப்பிட்டு, மிகச் சிறிதாக அமையும் வேறுபாட்டை மட்டும் எழுதிவைக்கிறது. நாம் அடிக்கடி நாடுவது புதிய வடிவையே என்பதால், பெரும்பாலும் அதுவே முழுமையாக நிற்கும். பழையவை வேறுபாடுகளாகத் தொடரும். தொடர் நீளின் மீட்டெடுக்கும் நேரமும் நீளும். எனவே 50 கண்ணிகளோடு அதனை நிறுத்துவது இயல்பான அமைப்பு.

இச்செயலைத் தூண்டும் கட்டளை கிட் ஜிசி. உதிரிப்பொருள்கள் ஏறத்தாழ 6,700ஐக் கடந்தால், கிட் தானாகவும் இதனைச் செய்யும். அவற்றை அது எண்ணும் முறை சுவையானது. பெயரின் முதல் இரு இலக்கங்களைக் கொண்டு உதிரிகள் 256 கோப்புறைகளில் பகிர்ந்து வைக்கப்படுகின்றன. பெயர்கள் சீராகப் பரவுவதால் எல்லாவற்றையும் எண்ண வேண்டுவதில்லை. 17 என்னும் ஒரு கோப்புறையை மட்டும் திறந்து பார்த்து, அங்கே 27க்கு மேல் இருந்தால் பொதி கட்டும் காலம் வந்தது எனக் கிட் கொள்கிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கும் பொருந்துகிறது.

இதுவரை கூறியதில் ஓர் எழுத்தும் இழக்கப்படவில்லை. இனி, கழித்து விடுதலைக் காண்போம். ஒரு கிளையிலிருந்தோ குறியிலிருந்தோ தொடங்கிப் பதிவுகளின் வழியே சென்று எட்டக்கூடிய எப்பொருளையும் கிட் நீக்குவதில்லை. எவ்வழியாலும் எட்ட முடியாதவற்றையே கழிக்கிறது. அதுவும் உடனடியாக அன்று, இரண்டு வாரம் பொறுத்தே. மேலும், ரெஃப்லாக் என்னும் நடமாட்டக் குறிப்பேடு, கிளைகள் முன்பு நின்ற இடங்களை நினைவில் வைத்திருக்கிறது. அதன் குறிப்புகள் பொதுவாக 90 நாளும், கிளையின் இன்றைய வரலாற்றில் இல்லாத பதிவுகளுக்குரியவை 30 நாளும் இருக்கும். தவறி நீக்கிய கிளையின் பதிவுகள் பல வேளைகளில் மீள்வது இதனாலேயே. ஆனால் இக்குறிப்பேடு அவரவர் கணினியில் உள்ளது. களஞ்சியத்தைப் படியெடுப்பவரிடம் அது செல்வதில்லை. குறிப்பேட்டை வெறுமையாக்கி, உடனே கழிக்குமாறும் கட்டளையிடுவோர் இந்த அவகாசங்கள் அனைத்தையும் தாமே அழிக்கின்றனர். வேறொருவர் எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் அவ்வாறு செய்தால் களஞ்சியமே சிதைவுறவும் கூடும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பெரிய படக்கோப்பு ஒன்றையோ கடவுச்சொல்லையோ தவறுதலாகப் பதிந்தவர், அக்கோப்பை அடுத்த பதிவில் நீக்கிவிட்டால் போதும் என எண்ணுவதுண்டு. பழைய பதிவு இன்னும் அதனை எட்டுவதால், எத்தனை முறை பொதி கட்டினாலும் அது அகலாது. வரலாற்றையே திருத்தி எழுத வேண்டும். எழுதினால் அதன்பின் வந்த பதிவுகளின் பெயர்களெல்லாம் மாறும். அனைவரும் களஞ்சியத்தைப் புதிதாகப் படியெடுக்க நேரும். கடவுச்சொல் எனில், முதலில் அந்தக் கடவுச்சொல்லையே மாற்றிவிடுதல் வேண்டும்.

படங்களும், சொற்செயலிக் கோப்புகளும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. அவற்றில் சிறு மாற்றம் செய்தாலும் உள்ளே பெரும்பகுதி மாறிவிடுவதால், வேறுபாட்டு முறை அங்கே பெரிதும் பயன்படாது. எளிய உரைக்கோப்பாக வைத்த பட்டியலோ நன்கு மடியும். ஆகவே, சேமிப்பைப் பற்றிய முதன்மையான முடிவு, பொதி கட்டும் நாளில் அன்றி, எதை எவ்வடிவில் வைப்பது எனத் தொடங்கும் நாளிலேயே எடுக்கப்படுகிறது.

களஞ்சியம் பெருத்துவிட்டது எனத் தோன்றினால், முதலில் கிட் கவுண்ட்-ஆப்ஜெக்ட்ஸ் கட்டளையால் அளவை அறிவோம். பின் கிட் ஜிசி கட்டளையை அதன் இயல்பான அமைப்பிலேயே இயக்குவோம். பெரும்பாலும் அதுவே போதும். அதன் பிறகும் கழிக்க வேண்டிய தேவை இருப்பின், முதலில் ஒரு முழுப் படியை வேறிடத்தில் எடுத்துவைத்து, உடன் பணியாற்றும் ஒவ்வொருவரையும் கேட்போம். எந்தக் கிளையும் எட்டாத ஒரு வரைவு, அதனை எழுதியவருக்கு இன்னும் தேவைப்படலாம். அதனைக் கணினி அறியாது, அவரே அறிவார்.