பாம்புக் குட்டிக்கு எவ்வளவு தீனி?

நாய், பூனை, கிளி, மீன்தொட்டி என்று இருந்த செல்லப் பிராணிகளின் பட்டியலில் இப்போது பாம்பும் சேர்ந்துவிட்டது. வெளிநாடுகளில் குடியேறிய நம் பிள்ளைகள் சிலரின் வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குட்டிப் பாம்பு சுருண்டு கிடப்பது இன்று அதிசயமில்லை. நம் நாட்டின் பெரிய நகரங்களிலும் இந்த ஆசை பரவியிருக்கிறது. லாலாகுடாவில் இருக்கும் தாத்தாவும் பாட்டியும் இதைக் கேள்விப்பட்டதும் பேரனிடம் கேட்கும் முதல் கேள்வி, "அதுக்கு என்னடா சாப்பிடக் குடுக்கறே?" என்பதுதான். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று உண்டு: "எவ்வளவு குடுக்கறே?"

வளர்ப்புப் பாம்புக் குட்டிகள் நோயுறுவதற்கும் இறப்பதற்கும் தீனியின் அளவு தவறிப்போவது ஒரு முக்கியக் காரணம். பசியைவிட, அன்பு மிகுதியால் கொடுக்கும் பெரிய இரையே குட்டிக்கு அதிகக் கெடுதல் செய்கிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

எந்தப் பாம்பு?

முதலில் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். 1972ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு போன்ற நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது குற்றம். குட்டியாக இருந்தாலும், விஷமில்லாததாக இருந்தாலும் அப்படித்தான். வெளிநாட்டு இனங்கள் சிலவற்றை வளர்க்கலாம். ஆனால் 2022இல் வந்த சட்டத் திருத்தத்திற்கும் 2024இல் வந்த விதிகளுக்கும் பிறகு, சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள இனங்களை அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

அப்படி வளர்க்கப்படுபவற்றில் அதிகம் காணப்படுவது மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த 'பால் பைத்தான்' என்னும் சிறிய மலைப்பாம்பு. பெயரைக் கேட்டதும் நம்மவர்கள் டம்ளரில் பால் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது! பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்வதால் வந்த ஆங்கிலப் பெயர் அது. இதற்கு விஷம் கிடையாது.

மெல்லத் தெரியாத வாய்

பாம்பின் பற்கள் உள்நோக்கி வளைந்தவை. இரையைப் பிடித்துக்கொள்ளவும் உள்ளே இழுக்கவும் உதவுமே தவிர, மெல்லவோ துண்டாக்கவோ உதவா. ஆகவே எந்த இரையானாலும் முழுதாகத்தான் விழுங்க வேண்டும். விழுங்கும்போது பாம்பின் தாடை கழன்றுகொள்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. நமக்குக் கீழ்த்தாடை ஒரே எலும்பு. பாம்புக்கோ அது இரண்டு பாதிகள். மோவாயில் அவை எலும்பால் இணையாமல், ரப்பர்போல நீளும் தசைநாரால் இணைந்திருக்கின்றன. வலப் பாதி ஓர் அடி முன்னே நகரும், பிறகு இடப் பாதி நகரும். இப்படி மாறி மாறி நகர்ந்து, இரையின் மேல் பாம்பு தன் வாயை ஏற்றிக்கொண்டு போகிறது. நம்மைப்போல நடு மார்பெலும்பு இல்லாததால் விலா எலும்புகளும் விரிந்து இடம் கொடுக்கின்றன. மூச்சுக்குழலின் வாயை முன்னால் நீட்டிக்கொள்ள முடிவதால் விழுங்கும்போது மூச்சும் தடைபடுவதில்லை.

இவ்வளவு வசதி இருப்பதால்தான் தன் தலையைவிடப் பருமனான இரையைப் பாம்பு விழுங்குகிறது. ஆகவே தலையின் அளவைப் பார்த்து இரையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அதே சமயம், விழுங்க முடிந்ததெல்லாம் செரித்துவிடும் என்றும் எண்ணக் கூடாது. வாயின் எல்லை வேறு, வயிற்றின் எல்லை வேறு.

அளவு பார்ப்பது எப்படி?

இரண்டு எளிய வழிகள் உள்ளன. இரண்டையும் சேர்த்தே பார்ப்பது நல்லது.

முதலாவது, பருமன். பாம்பின் உடலில் மிகப் பருத்த இடம் அதன் நடுப்பகுதி. இரை அந்த இடத்தின் பருமனுக்குச் சமமாகவோ, கொஞ்சமே கூடுதலாகவோ இருக்கலாம். விழுங்கிய பிறகு வயிற்றில் லேசான ஒரு மேடு தெரிந்தால் அளவு சரி. மேடு ஏதும் தெரியாவிட்டால் இரை சிறியது. தோல் இழுபட்டு, செதில்களுக்கு இடையே வெளுத்த தோல் நன்றாகத் தெரிந்தால் இரை பெரியது.

இரண்டாவது, எடை. வளரும் குட்டிக்கு ஒரு வேளை இரை அதன் எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வரை இருக்கலாம். பால் பைத்தான் குட்டி ஒன்று 70 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 7 முதல் 10 கிராம் வரையுள்ள இரை போதும். முடி முளைத்துத் துள்ளத் தொடங்கும் பருவத்துச் சுண்டெலிக் குட்டி ஏறக்குறைய இந்த எடைதான். பாம்பு 200 கிராம் ஆகும்போது 20 முதல் 30 கிராம், அதாவது வளர்ந்த ஒரு சுண்டெலி. சமையலறையில் பயன்படும் சிறிய மின்னணுத் தராசு இதற்குப் போதும். பாம்பை ஒரு மூடியுள்ள டப்பாவில் விட்டு எடை பார்த்து, டப்பாவின் எடையைக் கழித்துவிட்டால் ஆயிற்று. மாதம் ஒரு முறை எடையைக் குறித்து வைப்பது நல்ல பழக்கம்.

குட்டிக்கு வாரம் ஒரு முறை தீனி. பெரிதாக ஆக, எடைக்கு ஏற்ற பங்கும் குறைய வேண்டும், இடைவெளியும் கூட வேண்டும். முழு வளர்ச்சி பெற்ற பாம்புக்கு இரண்டு, மூன்று வாரங்களுக்கு ஒரு முறை போதும். நமக்குத் தினம் மூன்று வேளை பழகிவிட்டதால் இது கொடுமைபோலத் தோன்றும். ஆனால் பாம்பு குளிர்ந்த இரத்தப் பிராணி. உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள நாம் செலவழிக்கும் உணவு அதற்குத் தேவையில்லை.

சந்தேகம் வந்தால் சிறியதையே தேர்ந்தெடுங்கள். சிறிய இரையால் வரும் குறையை அடுத்த வாரம் ஈடு செய்யலாம். பெரிய இரையால் வரும் கேட்டை அப்படிச் சரிசெய்ய முடியாது.

உயிருள்ள எலியைப் பெட்டிக்குள் விடுவதும் வேண்டாம். எலி கடித்தால் குட்டிப் பாம்புக்குக் காயம் பட்டுவிடும். உறைய வைத்த எலியை முழுதும் உருகவிட்டு, வெந்நீரில் வெதுவெதுப்பாக்கி, இடுக்கியால் நீட்டுவதே முறை. சைவக் குடும்பங்கள் இந்த இடத்தில் நன்றாக யோசிக்க வேண்டும். பாம்புக்குச் சைவச் சாப்பாடு என்று ஒன்று இல்லை. தயிரும் இட்லி மாவும் இருக்கும் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் எலிக்கென்று தனிப் பெட்டி வைக்க வீட்டில் சம்மதம் உண்டா என்பதைப் பாம்பு வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

அளவு மீறினால்

பெரிய இரை வயிற்றில் செரிப்பதற்கு முன்பே அழுகத் தொடங்கலாம். அப்போது பாம்பு அதை வெளியே கக்கிவிடும். இதைச் சாதாரண வாந்தி என்று நினைத்து மறுநாளே மீண்டும் தீனி கொடுப்பதுதான் ஆபத்து. கக்கும்போது செரிமான நீரும் வெளியேறி உணவுக்குழல் புண்படுகிறது. பத்து முதல் பதினான்கு நாட்கள் தண்ணீர் மட்டும் வைத்து ஓய்வு கொடுத்துவிட்டு, பிறகு வழக்கத்தில் பாதி அளவு இரையில் தொடங்க வேண்டும். மீண்டும் கக்கினால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அளவு சரியாக இருந்தும் கக்கினால் குளிரைச் சந்தேகிக்கலாம். பாம்பின் செரிமானம் வெளிச் சூட்டை நம்பியது. பால் பைத்தானுக்குப் பெட்டியின் ஒரு பக்கமாவது 30 முதல் 32 டிகிரி வரை இருக்க வேண்டும். ஐதராபாத்தில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் 15 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. தீனி கொடுத்த பிறகு இரண்டு நாட்கள் பாம்பைக் கையில் எடுக்காமல் இருப்பதும் அவசியம்.

பால் ஒரு தீனியல்ல

ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாத உணவு ஒன்று உண்டு. அது பால். தாய்ப்பால் குடித்து வளரும் இனமல்ல பாம்பு. பாலைச் செரிக்கும் வசதி அதன் வயிற்றில் இல்லை. அப்படியானால் நாகபஞ்சமியன்று தெருவில் பாம்பாட்டியின் நாகம் குடிக்கிறதே என்று கேட்கலாம். பல நாட்கள் தண்ணீரே காட்டாமல் வைத்திருப்பதால் தாகம் தாங்காமல் எதை வைத்தாலும் குடிக்கிறது. பால் மூச்சுக்குழலுக்குள் போவதும் உண்டு. பற்கள் பிடுங்கப்பட்டு, வாய் புண்ணான அந்தப் பாம்புகள் பல சில நாட்களில் இறந்துவிடுகின்றன. ஐதராபாத்தில் வனத்துறையும், 1995இல் தொடங்கப்பட்ட 'பிரண்ட்ஸ் ஆஃப் ஸ்னேக்ஸ் சொசைட்டி' போன்ற அமைப்புகளும் இப்படிப்பட்ட பாம்புகளை மீட்டு வருகின்றன. நாகரை வழிபட விரும்புவோர் கல் நாகருக்குச் செய்யலாம். உயிருள்ள பாம்பு அந்தப் பாலைக் கேட்கவில்லை.

குட்டி வளர்ந்த பிறகு

எந்தக் குட்டி எவ்வளவு வளரும் என்பதையும் வாங்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டும். பால் பைத்தான் நாலைந்து அடியோடு நின்றுவிடும். பர்மிய மலைப்பாம்பு அப்படியல்ல. அமெரிக்காவில் இரண்டடிக் குட்டியாக அதை வாங்கியவர்கள், சில ஆண்டுகளில் எலி போய் முயல் கேட்கும் அளவுக்கு அது வளர்ந்ததும் தீனி போட முடியாமல் திண்டாடினார்கள். கைவிடப்பட்டவையும் தப்பியவையும் புளோரிடாவின் சதுப்பு நிலங்களில் பெருகி, அங்குள்ள சிறு விலங்குகளைத் தின்று தீர்த்தன. 2012இல் அமெரிக்க அரசு அவற்றின் இறக்குமதியையே தடை செய்தது.

அந்தப் பாம்புகளைத் தேடிப் பிடிக்க 2017இல் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டவர்கள் யார் தெரியுமா? செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும்தான். முதல் இரண்டு வாரங்களுக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். அவற்றில் ஒன்று 16 அடி நீளம். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நமக்குப் பெருமையான செய்திதான். ஆனால் யாரோ ஆசையாக வாங்கிய செல்லக் குட்டிகளில் தொடங்கிய கதை அது என்பதையும் மறக்கக் கூடாது.

நம் வாசலில் வரும் குட்டி

மரமும் புதரும் நிறைந்த நம் லாலாகுடா, மெட்டுகுடா பகுதிகளில் மழைக்காலத்தில் பாம்புக் குட்டி கண்ணில் பட்டால், எடுத்து வளர்க்கவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். நாகத்தின் குட்டிக்குப் பிறந்த அன்றே விஷம் உண்டு. ஆகையால் குழந்தைகளை விலக்கி நிறுத்தி, கண்ணை அதன் மேலேயே வைத்துக்கொண்டு, வனத்துறைக்கோ பாம்பு மீட்பவர்களுக்கோ சொல்லி அனுப்புங்கள். தன் உடம்புக்கு ஏற்ற தவளையும் பல்லியும் எது என்று அந்தக் குட்டிக்குத் தெரியும். யாரும் தராசு பிடிக்கத் தேவையில்லை. பெட்டிக்குள் அடைத்து வைக்கப்பட்ட குட்டிக்குத்தான் அந்தத் தேர்வு இல்லை. அதற்காகத் தராசு பிடிக்க வேண்டியது வளர்ப்பவரின் பொறுப்பு.