குறிச்சொல்லும் நம் ஊர்ப் படங்களும்

விடுமுறை வந்தால் கோயில், குளம் என்று குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறோம். செல்போனில் நூறு படம் எடுத்து, சமூக வலைத்தளத்தில் போட்டும் விடுகிறோம். இரண்டு நாள் கழித்து, "யாருமே பாக்கலையேப்பா!" என்று வீட்டில் ஒரு முனகல். படத்தில் குறையில்லை. தேடி வருபவருக்கு வழிகாட்டும் முகவரிதான் அதில் இல்லை. அந்த முகவரியே ஹேஷ்டேக், அதாவது குறிச்சொல்.

ஒரே விஷயத்தைப் பேசுபவர்களை ஒன்றுசேர்க்க, சொல்லுக்கு முன்னால் # அடையாளம் போடலாமே என்று 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெசினா என்பவர் ட்விட்டரில் யோசனை சொன்னார். 2011-இல் இன்ஸ்டாகிராமும் இதை ஏற்றது. கருவி புதிது, கருத்து பழையது. பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளை பி.எல். ரைஸ் 1905-இலேயே தாலுகாவாரியாக எண்ணிட்டு, 'எபிகிராபியா கர்நாடிகா' ஒன்பதாம் தொகுதியாக வெளியிட்டார். தேடுபவர் கைக்குக் கிடைக்க வேண்டும் என்பதே இரண்டின் நோக்கமும்.

தொம்லூர் சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அதைப் படமெடுத்து #பயணம், #அழகு என்று மட்டும் போட்டால் கூட்டத்தில் காணாமல் போகும். #தொம்லூர் #சொக்கநாதசுவாமிகோயில் #தமிழ்க்கல்வெட்டு என்று போட்டால், அதையே தேடும் ஒரு மாணவர் கண்ணில் படும். பொதுச்சொல் ஒன்று போதும். மற்றவை ஊர், இடம், பொருள் என இருக்கட்டும்.

குறிச்சொல்லுக்குள் இடைவெளி கூடாது. '#தமிழ் கல்வெட்டு' என்று எழுதினால் 'தமிழ்' மட்டுமே குறிச்சொல்லாகும். புள்ளியும் சிறுகோடும் வந்தாலும் அங்கேயே அறுந்துவிடும். படத்துக்குச் சம்பந்தமில்லாத சொற்களை அடுக்குவதும் வீண். ஊரில் இருக்கும்போதே போட்டால் வீடு பூட்டிக் கிடப்பதை நாமே ஊருக்குச் சொன்னதாகும். திரும்பி வந்து போடுங்கள்.

முக்கியமான ஒன்று. எழுத்து மாறினால் அது வேறு குறிச்சொல். ஏரிக்கரையில் 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையைப் படமெடுத்தால், மெட்ரோ நிலையத்தில் உள்ள 'ஹலசூரு'வோடு, நம் பாட்டி சொல்லும் 'அல்சூர்' என்பதையும் சேர்த்துப் போடுங்கள். தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்று எழுத்திலும் போட்டால் அக்கம்பக்கத்தாரும் பார்ப்பார்கள். நாம் எழுதாவிட்டால், நாளை நம் பேரப்பிள்ளை 'அல்சூர்' என்று தேடும்போது அங்கே என்ன இருக்கும்?