பீடத்துக்குப் பெயர் வைக்கிறது யார்?

தேத்தண்ணி வரட்டும், இருங்கள். அதற்குள் கேள்வியைச் சரியாக வைத்துக்கொள்வோம். இரண்டு பீடங்களை ஒன்றாக்கினால் புதிய பீடத்துக்குப் பெயர் வைப்பது யார்? மாணவரைக் கேட்பார்களா? கேட்டால்தான் எடுபடுமா?

நம் நாட்டில் இதற்கெல்லாம் அடி, 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டம். பீடச் சபை, மூதவை, பேரவை, மானியங்கள் ஆணைக்குழு என்று கோப்பு படிப்படியாக ஏறும். வர்த்தமானியில் வந்தால்தான் பீடம், பீடம். பீடச் சபையில் மாணவர் தெரிவுசெய்த இரண்டு பேருக்கு இடம் உண்டு. சட்டம் மாணவருக்குத் திறந்துவைத்த கதவு அதுதான். மற்றபடி எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்பது பீடாதிபதியின் மனதைப் பொறுத்தது.

வர்த்தமானி என்றால் என்ன என்று சம்பூர் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2006இல் போரால் ஊரைவிட்டு ஓடியது சனம். அடுத்த வருஷமே அது உயர் பாதுகாப்பு வலயம் என்றார்கள், பிறகு கைத்தொழில் வலயம் என்றார்கள். 2015இல் 818 ஏக்கருக்கான வர்த்தமானியை இரத்துச் செய்த பிறகுதான் அந்த வளவுகளுக்குத் திரும்ப வழி பிறந்தது. காணி இருந்த இடத்திலேயே இருந்தது, பெயர் மட்டும் மாறி மாறி வந்தது. ஒரு பீடத்தின் பெயரை அந்தத் துயரத்தோடு வைத்துப் பார்க்க நான் வரவில்லை. ஆனால் “வெறும் பெயர்தானே” என்கிற பேச்சு எங்கள் ஊரில் எடுபடாது.

கொட்டியாரக் குடாவுக்கு அக்கரையில், கோணேசபுரியில் இருக்கிற திருகோணமலை வளாகத்தைப் பாருங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகம். தொடர்பாடல் வணிகக் கற்கைகள் பீடம் என்று அங்கே ஒன்று இருக்கிறது. மொழியும் தொடர்பாடலும் ஒரு பக்கம், வணிகமும் முகாமைத்துவமும் இன்னொரு பக்கம். கொஞ்சம் நீளமான பெயர்தான், ஆனால் இரண்டு பக்கத்துப் பிள்ளையும் தன் பாடத்தைப் பெயர்ப்பலகையில் காண்கிறது. இதையே ‘சமூக மேம்பாட்டுப் பீடம்’ என்று யாராவது அழகு பார்த்திருந்தால்? வங்கி வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிற பிள்ளை, அது என்ன பீடம் என்று விளங்கப்படுத்தவே வியர்த்துப்போகும்.

பெயருக்காகச் சண்டை பிடிக்கிறவரின் மனதில் பெரும்பாலும் வேறொரு பயம் இருக்கும். பெயரில் நம் பாடம் இல்லாவிட்டால் நாளைக்கு விரிவுரையாளர் வெற்றிடத்தை நிரப்பமாட்டார்கள், பிறகு பாடத்தையே மூடிவிடுவார்கள் என்பது சிறிய துறைப் பிள்ளையின் பயம். இறுதியாண்டுப் பிள்ளைக்கோ சான்றிதழில் பழைய பெயரா புதுப் பெயரா என்ற கவலை. இன்னொரு பிள்ளையும் இருக்கிறது. உயர்தரம் எழுதி, ‘இசட்’ புள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு, மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைப் புரட்டி விருப்ப வரிசை நிரப்புகிற பிள்ளை. பெயரைப் பார்த்து ஏமாறப்போவது அதுதான். அதை ஒருவரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால், மூதூர், கிண்ணியாப் பள்ளிக்கூடங்களில் உயர்தர வகுப்புக்குப் போய் இந்தப் பெயர் உங்களுக்கு விளங்குகிறதா என்று கேட்கலாம். ஒரு பின்னேர வேலை.

வாக்கெடுப்பு வைத்தால் முடிந்ததே என்பார்கள். 2016இல் பிரிட்டனில் ஓர் ஆய்வுக் கப்பலுக்கு அப்படித்தான் இணையத்தில் பெயர் கேட்டார்கள். ‘போட்டி மக்போட்ஃபேஸ்’ என்ற பகிடிப் பெயர் ஓர் இலட்சத்துக்கும் மேலான வாக்குகளோடு முதலில் வந்தது. கப்பலுக்கு டேவிட் அட்டன்பரோவின் பெயரை வைத்துவிட்டு, பகிடிப் பெயரை அதனோடு போகும் சின்ன நீர்மூழ்கிக்குக் கொடுத்தார்கள். அங்கே சனம் சிரித்துவிட்டுப் போனது. இங்கே கம்பஸில் வாக்கைக் கேட்டுவிட்டு மீறினால் பகிஷ்கரிப்பில்தான் முடியும்.

ஒரு பெரியவரின் பெயரை வைத்துத் தப்பலாமா? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பீடம் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் பெயரைத் தாங்குகிறது. இராமநாதன் நுண்கலைக் கழகம் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வளர்ந்த பீடம் என்பதால் அங்கே அது பொருந்தும். தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கிற திருகோணமலையில் ஆளின் பெயரைத் தொடாமல் விடுவதே புத்தி.

கேட்பதென்றால் பட்டியல் போடும் முன்னர் கேட்க வேண்டும். மூன்று பெயரை முடிவுசெய்துவிட்டு ஒன்றைத் தொடச் சொல்வது கலந்தாலோசனை ஆகாது. எது மாற்றக்கூடியது, எது ஏற்கெனவே முடிந்த விஷயம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எந்தப் பெயர் பிடிக்கும் என்பதை விட, பெயரிலிருந்து எது விடுபட்டால் உங்களுக்குப் பாதிப்பு என்று கேட்டால் உபயோகமான பதில் வரும். பிள்ளைகள் சொன்னதை ஏற்காவிட்டால், ஏன் என்று ஒரு பக்கம் எழுதி அறிவித்தல் பலகையில் ஒட்டலாம்.

உங்கள் வீட்டுப் பிள்ளை கம்பஸில் படித்தால், பீடச் சபையில் இருக்கிற அந்த இரண்டு மாணவப் பிரதிநிதிகள் யார் என்று இன்றைக்கே கேளுங்கள். தெரியாவிட்டால் தேடச் சொல்லுங்கள். சொல்ல வேண்டியதைக் கோப்பு மேலே போகும் முன் அவர்களிடம் எழுத்தில் கொடுக்கட்டும்.