ரேணுகை பேசினால்...

மலையகத்தில் மாரியம்மன் கோயில் இல்லாத தோட்டம் அரிது. அந்த அம்மனோடு சேர்த்துச் சொல்லப்படும் ரேணுகையின் கதை நாம் அறிந்ததே. தண்ணீர் எடுக்கப் போனவள், நீரில் தெரிந்த கந்தர்வனின் நிழலைக் கண்டு ஒரு கணம் மனம் சலித்தாள். அதற்காகக் கணவர் ஜமதக்கினியின் கட்டளைப்படி மகன் பரசுராமனே அவள் தலையை வெட்டினான். நினைத்ததற்கே மரண தண்டனை! அவளிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

1943இல் புதுமைப்பித்தன் ‘சாபவிமோசனம்’ கதையில் அகலிகையின் மனதைத் திறந்து காட்டினார். ரேணுகைக்கும் அப்படிச் செய்யலாமே என்று ஹட்டன் பக்கத்துப் பெண்கள் கூட்டமொன்றில் சொன்னேன். வன்செயலுக்குப் பயந்து வன்னிக்குப் போய், யுத்தத்தில் கணவனை இழந்து, லயத்துக்கே திரும்பிய சகோதரி ஒருவர் உடனே கதையை மாற்றினார். வெறுங்கையோடு வந்த ரேணுகை சொல்கிறாள்: “பீலியிலிருந்து வரச் சுணங்கினால் ஏனென்று கேளுங்கள், யாரோடு என்று கேட்காதீர்கள்.” மகன் கோடரியைக் கீழே போட்டுவிட்டு, தானே குடம் எடுத்துத் தண்ணீருக்குப் போகிறான்.