ஸ்குவாஷ் பந்தாட்டம்

களக்காட்டினின்று சென்னை மாநகர் சென்று ஸ்குவாஷ் பழகப் புகும் மாணவனை முதற்கண் ஏமாற்றுவது பந்தே. 2014ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் பெண்டிர் இரட்டையராட்டத்தில் பொற்பதக்கம் பெற்ற ஜோஷ்னா சின்னப்பாவும் தீபிகா பள்ளிக்கலும் பயின்ற நகரம் அது என்னும் ஆர்வத்தோடு யானும் சென்ற விடுமுறையில் மட்டையேந்தினேன்.

நாற்புறமும் சுவர் சூழ்ந்த அவ்வாடுகளம் 32 அடி நீளமும் 21 அடி அகலமும் உடையது. இருவர் மாறி மாறி முன்சுவரில், அடியிலுள்ள தகரப்பட்டைக்கு மேலாகப் பந்தை அடித்தல் வேண்டும். மீளும் பந்து தரையில் இருமுறை படுமுன் மற்றவர் அதனைத் திருப்புதல் வேண்டும். கேட்பதற்கு எளிதே! ஆயின் எனக்களித்த பந்து களிமண்ணுருண்டை போல் விழுந்து கிடந்தது. என் கையையே நொந்துகொண்டேன்.

பின்னரே உண்மை விளங்கிற்று. தேர்ந்தோர்க்குரிய இரட்டை மஞ்சட்புள்ளிப் பந்து, பலகால் அடியுண்டு வெப்பமுற்ற பின்னரே எழும். புதியவன் அடியில் அவ்வெப்பம் பிறவாது. சற்றுப் பெரிதாய், நன்கெழும் இயல்பினதாகிய நீலப்புள்ளிப் பந்தையே அவன் கேட்டு வாங்குக. அடித்தவிடத்திலேயே நின்று தன் அடியை வியவாமல் (யான் வியந்தேன்!) கோடுகள் கூடும் நடுவிடத்திற்கு உடனே மீள்க. கண்காப்பின்றி உட்புகுதல் ஒருபோதும் ஆகாது. அப்பந்து கண்குழியுட் பொருந்துமளவு சிறியது.