கதவைத் தட்டும் கடிதம்

வீட்டில் ஒரு பிள்ளையோ பெண்ணோ ஜீவ சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்றுவிட்டால், கவலை விட்டது என்று பெற்றோர் எண்ணுகிறார்கள். உண்மையில் கவலை அப்போதுதான் ஆரம்பமாகிறது என்பதை நாம் சொல்லியாக வேண்டும். பட்டத்துக்கும் நிரந்தர உத்தியோகத்துக்கும் நடுவே, வேறொரு பேராசிரியரின் ஆராய்ச்சிசாலையில் சில வருஷங்கள் உழைத்துப் பெயர் எடுத்தாக வேண்டும். அந்த இடத்தைப் பெறுவது எப்படி?

1952-ல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் இதற்கு நல்ல உதாரணம். அமெரிக்காவில் அவர் டாக்டர் பட்டம் பெற்றது பௌதிகத்தில். ஜீவ சாஸ்திரத்தில் மனம் செல்லவே, மறுபடியும் மாணாக்கராகச் சேர்ந்தார். அச்சமயம், உயிரணுவுக்குள் புரதங்களை உண்டாக்கும் ரைபோஸோமைப் பற்றி யேல் சர்வகலாசாலை நிபுணர் இருவர் 'ஸயண்டிபிக் அமெரிக்கன்' பத்திரிகையில் எழுதிய கட்டுரையைப் படித்தார். அவர்களில் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அதன் பயனாக, மற்றவரான பீட்டர் மூரின் ஆராய்ச்சிசாலையில் 1978-ல் சேர்ந்தார். அதே ரைபோஸோம்தான் 2009-ல் அவருக்கு நோபெல் பரிசைத் தேடித் தந்தது. இடையில், ஆசிரியர் பதவி கோரிச் சுமார் 50 இடங்களுக்கு விண்ணப்பித்து, ஒன்றும் கிடைக்காமல் அவர் தவித்ததும் உண்டு.

ஆகவே, விளம்பரம் வரட்டும் என்று இளைஞர்கள் காத்திருக்க வேண்டாம். பட்டம் முடிய ஒரு வருஷம் இருக்கும்போதே எழுதத் தொடங்கட்டும். ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்புவதில் பயனில்லை. பேராசிரியரின் சமீபத்திய கட்டுரைகளைப் படித்து, அவற்றில் தமக்கு எழுந்த கேள்வி எது, தாம் கற்ற வித்தை அதற்கு எவ்விதம் உதவும் என்பதை ஒரே பக்கத்தில் எழுதுதல் நலம். எம்போ, ஹ்யூமன் பிராண்டியர் ஸயன்ஸ் முதலிய ஸ்தாபனங்கள் அளிக்கும் உபகாரச் சம்பளத்தைத் தாமே கொண்டுவருபவருக்குக் கதவு எளிதில் திறக்கும். சேருமுன், அங்கே முன்பு உழைத்தவர்களை விசாரித்துக்கொள்ளவும் மறக்க வேண்டாம்.

ஆனால் தனி மனிதரின் முயற்சி மட்டும் போதுமா? ஹர் கோவிந்த் குரானா இந்திய சர்க்காரின் உபகாரச் சம்பளத்தில் லிவர்பூல் சென்று 1948-ல் பட்டம் பெற்றார். ஜூரிச் நகரில் பேராசிரியர் பிரெலாகிடம் பயின்றார். 1949-ல் தாய்நாடு திரும்பினார். தகுந்த உத்தியோகம் கிடைக்கவில்லை. மீண்டும் இங்கிலாந்துக்கே கப்பலேறினார். 1968-ல் நோபெல் பரிசு பெற்றபோது அவர் அமெரிக்கப் பிரஜை!

இன்று, வெளிநாட்டில் உழைக்கும் நம்மவர் திரும்பி வருவதற்கென்றே டாக்டர் ராமலிங்கஸ்வாமியின் பெயரால் மத்திய சர்க்கார் உதவித்தொகை அளித்து வருகிறது. நல்ல காரியம்தான். எனினும் அத்தொகைக்குக் காலவரையறை உண்டு. அது தீர்ந்த பிறகும் அவர்களுக்கு இங்கே ஓர் ஆராய்ச்சிசாலையும் நிலையான ஊதியமும் காத்திருக்க வேண்டும். நம் பிள்ளைகள் உலகமெங்கும் சென்று கதவுகளைத் தட்டட்டும். திரும்பி வந்து நம் கதவைத் தட்டும்போது, திறப்பதற்கு ஆள் இல்லை என்ற பழி இனியும் நமக்கு வேண்டாம்.